சொட்டுச் சுண்ணாம்பும் ஒரு பவளக் கிளையும்

போன மாசம் மாகறல் போயிருந்தேன். காஞ்சிபுரத்துலேர்ந்து உத்திரமேரூர் போற வழியில, செய்யாத்தங்கரையில இருக்கிற ஊர். நாலு நாள் ஆணி புடுங்காம, லேப்டாப்பைத் தொடாம, ஆயா கையால சாப்பிட்டுட்டுத் திண்ணையில கெடந்தேன். பொழுது போகாம ஆயாவோட வெத்திலைப் பெட்டியைக் குடைஞ்சப்பதான் இந்தப் பதிவுக்கான பொறி தட்டிச்சு.

பெட்டிக்குள்ள ஒரு சின்ன பித்தளை டப்பியில சுண்ணாம்பு. அதுக்குப் பக்கத்துல துணியில முடிஞ்ச ஒரு பழைய பவள மோதிரம். விரல் வீங்கினதுலேர்ந்து ஆயா அதைப் போடறதில்லை.

"ஆயா, இந்த ரெண்டும் ஒரே குடும்பம், தெரியுமா?"

"எந்த ரெண்டும்?"

"சுண்ணாம்பும் பவளமும்."

"பட்டணத்துக்குப் போயி பொட்டி தட்டித் தட்டி உனக்கு ஏதோ ஆயிடுச்சிடா" அப்படின்னுட்டு ஒரு வெத்திலையைக் கிள்ளிப் போட்டுக்கிச்சு.

மக்களே, எனக்கு ஒண்ணும் ஆகலை. ரெண்டும் ஒரே குடும்பம்தான். அந்தக் குடும்பக் கதைக்கு நடுவுல ஒரு கொலையும் இருக்கு. கொலைகாரன் நான்தான். அங்க வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு. (தப்பிச்சு ஓட நினைக்கிறவங்க இப்பவே ஓடிடலாம் :-))

கல்லா, செடியா, உயிரா?

எங்க ஊர் திருமாகறலீஸ்வரர் கோயில் சம்பந்தர் பாடின தலம். லிங்கம் உடும்பு வால் மாதிரி இருக்கும். ஒரு ராஜா பொன் உடும்பைத் துரத்திக்கிட்டு வந்தானாம். அது புத்துக்குள்ள நுழைஞ்சிடுச்சு. ஆளுங்க புத்தை வெட்ட, ரத்தம் பீறிட்டு வந்துச்சாம். வெறும் மண்ணுன்னு நினைச்சு வெட்டினா உள்ளே உயிர். சின்ன வயசுல இந்தக் கதையை நூறு தடவை கேட்டிருப்பேன். பவளத்தைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சப்ப முதல்ல ஞாபகம் வந்தது இதுதான்.

ஏன்னா பவளம் கல்லா, செடியாங்கற சண்டை ரொம்ப காலம் நடந்திருக்கு. 1706-ல் மார்சிலி என்ற இத்தாலியர் கடலிலிருந்து எடுத்த சிவப்புப் பவளத்தைக் கடல்நீரில் போட்டுப் பார்த்தார். அதன் மேல் குட்டிக் குட்டி வெள்ளைப் பூக்கள் விரிந்தன. 'ஆகா, இது செடிதான்' என்று முடிவு கட்டினார். அடுத்து வந்தவர் பெய்ஸோனல், பிரான்சின் மார்செய் ஊர் மருத்துவர். 1720-களில் அதே 'பூக்களை'ப் பார்த்துவிட்டு, இது பூ இல்லை, கடற்சாமந்தி மாதிரி ஒரு விலங்கு, கையை நீட்டி மடக்குகிறது என்று பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு எழுதினார். அங்கிருந்த பெரிய மனிதர் ரேமூருக்கு அது அபத்தமாகத் தெரிந்தது. 1727-ல் கழகத்தில் அந்தக் கருத்தைச் சொல்லும்போது, பாவம் அவமானப்படப் போகிறாரே என்று எழுதியவர் பெயரையே மறைத்துவிட்டார்! பிற்பாடு மற்றவர்களும் பார்த்துச் சொன்ன பிறகுதான் பெய்ஸோனல் சொன்னது சரி என்று ஒத்துக்கொண்டார்கள்.

இங்க ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். ஆயாவோட மோதிரத்துல இருக்கிற சிவப்புப் பவளம் வேற, ராமேஸ்வரம் பக்கம் இருக்கிற பவளப்பாறை வேற. நகைப் பவளம் காலங்காலமாக மத்தியதரைக் கடலில் வெளிச்சம் குறைந்த ஆழத்தில் எடுத்தது. அங்கிருந்து கப்பலேறி நம்மிடம் வந்தது. ரோமானியர்கள் இந்திய முத்தை மதிப்பது போல இந்தியர்கள் பவளத்தை மதிக்கிறார்கள் என்று முதலாம் நூற்றாண்டிலேயே பிளினி எழுதி வைத்திருக்கிறார். மன்னார் வளைகுடா முத்து அங்கே போச்சு, அவங்க பவளம் இங்கே வந்துச்சு. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் யூத வணிகர்கள் பவளத்தைக் கொண்டுவந்து சென்னையில் இறக்கி, பதிலுக்கு வைரம் வாங்கிப் போனார்கள். ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இன்னும் இருக்கு. அடுத்த தடவை பாரிமுனைப் பக்கம் போனா பெயர்ப் பலகையைப் பாருங்க.

நகைப் பவளத்தை வாங்கித்தான் நமக்குப் பழக்கம். பாறை கட்டுற பவளம் நம்ம கடலுக்குள்ளயே இருந்துச்சு. அதை என்ன பண்ணினோம்ங்கறதுதான் மிச்சக் கதை.

ஊசி நூலும் ஒரு வேலைக்காரப் பொண்ணும்

பவளத்தை வீட்டில் உயிரோடு வைத்துக்கொள்ள முதலில் பாடுபட்டவர்களில் ஒருவர் லண்டன்காரப் பெண்மணி, பெயர் அன்னா தின். 1846-ல் இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரைக்குப் போனவர், அங்கே பாறையில் இருந்த சின்னச் சின்னக் கல் பவளங்களைப் பார்த்து மயங்கி, லண்டனுக்குக் கொண்டுவந்துவிட்டார். தொட்டியில் அவை அப்படி இப்படி உருளாமல் நேராக நிற்கணும், நாலு பக்கமும் தண்ணி படணும். அதுக்கு அவர் பண்ணின காரியம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு பெரிய கடற்பஞ்சை எடுத்து, பவளங்களை ஊசி நூல் வைத்து அதோடு தைத்துவிட்டார்!

கடல்தண்ணி லண்டனுக்கு வந்து சேர்றது லேசு இல்லை. இருக்கிற தண்ணியையே கெடாமல் வைத்திருக்க, தினமும் அரை மணி முக்கால் மணி நேரம் திறந்த ஜன்னல் பக்கம் நின்று ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு ஆற்ற வேண்டும். நம்ம டீக்கடைல டீ ஆத்துற மாதிரி. காத்து தண்ணிக்குள்ள கலக்கணும், அவ்வளவுதான். இன்னிக்கு ஏர் பம்ப் பண்ற வேலை. இந்த ஆத்துற வேலையை அதிகமும் செய்தது அந்த வீட்டு வேலைக்காரச் சிறுமி. அவளுக்கு அது விளையாட்டு மாதிரி இருந்தது என்று அன்னா பின்னால் எழுதினார். அந்தப் பொண்ணு என்ன நினைச்சாளோ! அவ பேரை அன்னா எழுதலை.

எங்க தாத்தா பட்டுத் தறி நெய்தவர். கோர்வைப் புடவைன்னா ஒருத்தரால ஆகாது. உடம்புக்கு ஒரு நிறம், கரைக்கு வேற நிறம். பக்கத்துல இன்னொரு ஆள் உக்காந்து கரைக்கான நாடாவைத் தள்ளிக்கிட்டே இருக்கணும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எங்கப்பா அங்கதான் உக்காருவாராம். புடவை தாத்தா பேர்லதான் போகும். அன்னாவோட கதையைப் படிச்சப்ப எனக்கு அந்த ரெண்டாவது ஆள்தான் ஞாபகம் வந்தது.

1847-ல் அன்னா கடற்பாசி ஒட்டிய கல்லுகளை வரவழைத்துத் தொட்டியில் போட்டார். பாசி வெளியிடும் பிராணவாயு போதும், ஆற்றுகிற வேலை குறைந்தது. சுமார் மூணு வருஷம் பவளங்கள் பிழைத்தன, குட்டியும் போட்டன. 1859-ல் அதை அறிவியல் இதழில் எழுதினார். அதற்குள் லண்டன் மிருகக்காட்சி சாலையில் 1853-ல் மீன் இல்லம் திறந்து, ஊரெங்கும் கண்ணாடித் தொட்டிப் பைத்தியம் பிடித்துவிட்டது.

அந்தப் பைத்தியம் நம்மூருக்கும் வந்தது. எட்கர் தர்ஸ்டன், சென்னை அருங்காட்சியகத் தலைவர், ராமேஸ்வரம் பக்கத்துப் பவளங்களைச் சேகரித்துப் பட்டியல் போட்டவர். அவர் யோசனையில் மெரினாவில் 1909-ல் ஒரு கடல்மீன் காட்சியகம் திறந்தார்கள். இந்தியாவின் முதல் மீன் காட்சியகம் அதுதான். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் குண்டு விழும் பயத்தில் மூடிவிட்டார்கள்.

நிறம் எங்கேர்ந்து வருது?

அன்னாவோட பவளங்கள் குளிர்கடல் வகை. வெயில் தேவையில்லை. நம்ம கடல்ல இருக்கிற பாறை கட்டும் பவளங்கள் அப்படி இல்லை. அவற்றின் சதைக்குள் ஒரு செல் பாசி கோடிக்கணக்கில் குடியிருக்கு. 1881-ல் பிராண்ட் என்ற ஜெர்மானியர் இதுக்கு ஸூசாந்தெல்லா என்று பெயர் வைத்தார். இந்தப் பாசி வெயிலில் சமைத்து, சமைத்ததில் பெரும்பங்கை வீட்டுக்காரப் பவளத்துக்குக் கொடுத்துவிடும். பவளம் பதிலுக்குத் தன் கழிவை உரமாகக் கொடுக்கும். வாடகையைச் சாப்பாடா குடுக்கிற குடித்தனக்காரன்னு வெச்சுக்குங்க. 1950-களில் ஜமைக்காவில் தாமஸ் கோரோ கதிரியக்கக் கால்சியத்தை வைத்துச் சோதித்து, வெளிச்சத்தில் பவளம் இருட்டில் கட்டுவதைவிடப் பல மடங்கு வேகமாகச் சுண்ணாம்பு எலும்பைக் கட்டுகிறது என்று காட்டினார்.

அந்தப் பாசியின் நிறம் பழுப்பு. ஆமாங்க, அசல் நிறம் டீத்தூள் நிறம்தான்! பச்சை, ஊதா, நீலம், சிவப்பெல்லாம் பவளம் தானே தயாரிக்கிற புரதங்கள். அதிக வெயிலிலிருந்து காத்துக்கொள்ளப் போடும் குடை என்று வைத்துக்கொள்ளலாம். தொட்டி வளர்க்கிறவங்களுக்கு இதுல ஒரு பாடம் இருக்கு. தண்ணியில நைட்ரேட், பாஸ்பேட் ஜாஸ்தியானா பாசி பெருகிப் பவளம் பழுப்பாயிடும். ஒண்ணுமே இல்லாமப் பட்டினி போட்டா வெளிறிப் போகும். சூடு ஜாஸ்தியானா குடித்தனக்காரனையே வெளியே துரத்திடும். உள்ளே இருக்கிற வெள்ளை எலும்பு தெரியும். அதைத்தான் வெளிறல்னு சொல்றாங்க. உடனே செத்துடாது. சில வாரத்துல சூடு தணிஞ்சா பாசி திரும்பி வரும். தணியலைன்னா பட்டினிச் சாவு.

வீட்டுத் தொட்டி அறிவியலுக்குத் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. ஜெல்லிமீனிலிருந்து பச்சை ஒளிர் புரதத்தை 1962-ல் ஷிமோமுரா பிரித்தெடுத்தார். 2008-ல் நோபல் வாங்கிய சமாசாரம். சிவப்பு ஒளிர் புரதம் மட்டும் கிடைக்கவே இல்லை. 1999-ல் ரஷ்ய விஞ்ஞானிகள் அதை டிஸ்கோசோமா என்ற பவள இனத்தில் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். அந்த உயிரினம் வந்தது கடலிலிருந்து இல்லை, மாஸ்கோவில் ஒரு ஆர்வலர் வளர்த்த தொட்டியிலிருந்து!

பெர்லின் தொட்டி

இப்ப கொசுவத்திச் சுருளைக் கொஞ்சம் சுத்திக்கிறேன். ஆபீஸ்ல என்னை ஒரு வருஷம் பெர்லினுக்கு அனுப்பினாங்க. அங்க எங்க டீம் லீட் வீட்டு ஹால்ல நானூறு லிட்டர் பவளத் தொட்டி. நீல வெளிச்சத்துல ஊதாவும் பச்சையுமா கிளை கிளையா நின்னுச்சு. எங்க தாத்தா சாயம் போட்டுக் காயவெச்ச பட்டு நூல் கட்டுங்கதான் ஞாபகம் வந்துச்சு. முதல் தடவை பாத்தப்ப அரை மணி நேரம் நான் யார்கிட்டயும் பேசலை.

பவளத் தொட்டி வரலாற்றில் பெர்லினுக்குத் தனி இடம் உண்டு. 1961-ல் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், உயிருள்ள கடல்பாறையும் வெயிலும் காற்றுக் குமிழியும் மட்டும் வைத்துப் பவளம் வளர்ப்பதாக எழுதினார். குளிர் நாட்டுக்காரர்களுக்கு அந்த வெயில் இல்லையே. 1970, 80-களில் பெர்லின் ஆர்வலர்கள் அதையே வேறு மாதிரி செய்தார்கள்: உயிருள்ள பாறை, பலமான விளக்கு, நுரை கட்டி அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மர். அதோட நாலாவதா ஒண்ணு. 'கால்க்வாஸர்'. பீட்டர் வில்கென்ஸ் பரப்பிய முறை. ஜெர்மன் வார்த்தையைக் கேட்டு நானும் பெரிய ரசாயனம்னு நினைச்சேன். டீம் லீட் டப்பாவைத் திறந்து காட்டினார். நீத்த சுண்ணாம்பு! ஆயா வெத்திலையில தடவுற அதே சுண்ணாம்பு.

பவளம் தன் எலும்பைக் கட்டத் தண்ணியிலிருக்கிற கால்சியத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். கடல்ல அது தீராது, தொட்டியில தீர்ந்துடும். சுண்ணாம்பைத் தண்ணியில் கலக்கி, அடியில் படிய விட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக விட்டால் கால்சியமும் காரத்தன்மையும் ஈடாகும். ஒரு லிட்டர் தண்ணியில ரெண்டு கிராம் சுண்ணாம்புகூட முழுசாக் கரையாது. ஆனா அந்தத் தெளிவோட பி.எச். 12-க்கு மேல. தொட்டியில இருக்க வேண்டியது 8.1-லேர்ந்து 8.4 வரைக்கும். அதனாலதான் 'சொட்டு'.

அந்தத் தொட்டியில ஒரு மான்கொம்புப் பவளம். பெர்லின்ல டீட்ரிஷ் ஸ்டூபர் என்று ஒரு ஆர்வலர். 1980-களில் அவர் தொட்டியில் வளர்ந்த ஒரு அக்ரோபோராவை ஒடித்து ஒடித்து நண்பர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் ஒடித்து மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். இப்படி ஒரே பவளத்தின் துண்டுகள் ஐரோப்பா முழுக்கப் பல தொட்டிகளில் வளர்ந்தன. டீம் லீட் தன்கிட்ட இருக்கிறதும் அந்த வம்சம்தான்னு சொல்லுவார். அவரோட பெருமை அது.

அவர் ரெண்டு வாரம் குடும்பத்தோட ஊருக்குப் போனப்ப சாவியை என்கிட்ட குடுத்தார். நாலு பக்கத்துக்கு எழுதியும் குடுத்தார். சூடு 25, 26 டிகிரி. உப்பு அடர்த்தி 1.025. கால்சியம் 420. எதையும் அவசரமா மாத்தாதே. கடைசி வரிக்கு அடியில ரெண்டு கோடு.

ஒன்பது நாள் ஒழுங்கா இருந்தேன். பத்தாவது நாள் வெள்ளிக்கிழமை. தமிழ்ப் பசங்க எல்லாரும் படத்துக்குக் கிளம்பிட்டாங்க. சுண்ணாம்பு படியறதுக்குக் காத்திருக்க நேரமில்லை. கலக்கினதை அப்படியே மாட்டி, குழாயையும் கொஞ்சம் தாராளமாத் திறந்து விட்டுட்டு ஓடினேன். "என்ன ஆயிடப் போகுது?" நம்ம தேசிய கீதம்.

ராத்திரி பன்னண்டரைக்கு வந்து பாத்தா தொட்டிக்குள்ள பனி பெய்யுது. தண்ணி முழுக்க வெள்ளைப் பொடி. பவளம் எல்லாம் வாயை மூடிக்கிச்சு. ரெண்டு நாள்ல அந்த மான்கொம்புக்கு அடியிலேர்ந்து சதை உரிய ஆரம்பிச்சது. தோல் உரிச்ச கோழி மாதிரி. செவ்வாய்க்கிழமை வெறும் வெள்ளை எலும்பு. முப்பது நாப்பது வருஷமா கை மாறிக் கை மாறி வந்த உயிரு, ஒரு சினிமாவுக்காக.

போன்ல சொல்ல தைரியம் வரலை. அவர் வந்ததும் வாசல்லயே சொன்னேன். திட்டுவார்னு நின்னேன். அவர் கொஞ்ச நேரம் தொட்டியையே பாத்தார். அப்புறம் யாருக்கோ போன் பண்ணினார். அடுத்த ஞாயித்துக்கிழமை என்னையும் கூட்டிக்கிட்டு ஊரோட மறுகோடியில ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனார். அந்தப் பெரியவருக்கு டீம் லீட் முன்னாடி ஒரு துண்டு ஒடிச்சுக் குடுத்திருக்கார். அது இப்ப ரெண்டு கை அகலத்துக்கு நிக்குது. அதுலேர்ந்து சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கிளையை ஒடிச்சு, பிளாஸ்டிக் டப்பாவுல தண்ணியோட குடுத்தார். ரயில்ல மடியில வெச்சுக்கிட்டு வந்தது நான்தான்.

வழியில டீம் லீட் சொன்னது இதான்: "எல்லாத்தையும் நானே வெச்சிருந்தா இன்னிக்கு ஒண்ணும் இருக்காது."

நம்ம காளவாய்

திரும்பி வந்தப்புறம் நம்ம கடலைப் பத்திப் படிச்சேன். படிக்கப் படிக்க என் கொலை ஒண்ணுமே இல்லைன்னு தோணிச்சு.

ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 117 வகைக் கல் பவளங்கள் பதிவாகியிருக்கு. ஆராய்ச்சியிலும் நாம் பின்தங்கவில்லை. குருசடைத் தீவின் கடலோர உயிர்களைப் பற்றி 1927-லேயே சென்னை அருங்காட்சியகம் வெளியிட்டது. மண்டபத்தில் இருந்த சி.எஸ்.கோபிநாத பிள்ளை நம் பவளங்களை வகை வகையாக ஆராய்ந்தார். உலகப் பவளப்பாறை மாநாடுகளின் வரிசையில் முதலாவதாக எண்ணப்படுவது 1969 ஜனவரியில் நடந்தது. ஆஸ்திரேலியாவுல இல்லை, நம்ம மண்டபம் முகாம்ல!

அதே காலத்துல இன்னொரு பக்கம் தோணி தோணியா பவளத்தை வெட்டிக் கரைக்குக் கொண்டு வந்துக்கிட்டு இருந்தாங்க. அங்க அதுக்குப் பேர் சல்லி. சல்லி சுண்ணாம்புக் காளவாய்க்குப் போச்சு, கார்பைடு தொழிற்சாலைக்குப் போச்சு. காளவாயில பவளத்தைப் போட்டா கரியமில வாயு பறந்துடும், மிச்சம் சுட்ட சுண்ணாம்பு. தண்ணி தெளிச்சா நீத்த சுண்ணாம்பு. பெர்லின்காரன் அதே சுண்ணாம்பைக் கரைச்சுச் சொட்டு விட்டுப் பவளம் ஆக்கினான். நாம பவளத்தை எரிச்சுச் சுண்ணாம்பு ஆக்கினோம். ஒரே ரோடு, நாம எதிர்த்திசையில போனோம்.

வெட்டினவங்களைக் குத்தம் சொல்லி எழுதிட்டுப் போறது சுலபம். அன்னாடம் கூலிக்கு மூழ்கினவனுக்கு அது கல்லு. பாரிஸ் அறிவியல் கழகமே ஒரு காலத்துல அது விலங்குன்னு நம்பலையே. ஆனா கடல் கணக்கு வெச்சிருந்தது. தீவுக்கு முன்னாடி அலையைத் தடுக்கிறது பவளப்பார்தான். பார் போனதும் அலை தீவையே அரிக்க ஆரம்பிச்சது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்று இரண்டு தீவுகள் தண்ணிக்குள் போய்விட்டன. ரெண்டாவதோட பேர்லயே சல்லி இருக்கு பாருங்க.

1986-ல் தீவுகளைக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 2001-ல் கல் பவளங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதேதான் பவளத்துக்கும். 2004 சுனாமி வந்து, பவளப்பார் என்ன செய்யும் என்று கரையோர மக்களும் யோசிக்க ஆரம்பித்த பிறகு, 2005 வாக்கில் வெட்டுவது நின்றது.

அப்புறம் சூடு. நம்ம கடல்ல கோடையில தண்ணி 30 டிகிரியைத் தாண்டினா வெளிறல் ஆரம்பிக்குது. 2010-ல் பெரிய வெளிறல், 2016-ல் அதைவிடப் பெரிசு. காளவாயை மூடினாலும் உலகம் முழுக்க எரிக்கிறது நிக்கலையே.

அட்வான்ஸ் போச்சு

இதெல்லாம் தெரியறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணினேன். சென்னையில ஒரு கடையில் கடல்தண்ணித் தொட்டிக்கு அட்வான்ஸ் குடுத்தேன். "சார், லைவ் கோரல் வேணும்னா சொல்லுங்க, ஸ்பெஷல் பார்ட்டி இருக்காங்க" என்றார் கடைக்காரர், குரலைத் தாழ்த்தி. ஆசை யாரை விட்டுது? மூணு ராத்திரி தூங்கலை. எனக்குத்தான் சுண்ணாம்பு வித்தையெல்லாம் தெரியுமே, நான் வளர்த்தா நல்லா வளருமே என்று மனசு வக்கீல் வேலை பாத்தது.

ஆனா அந்த ஸ்பெஷல் பார்ட்டி எங்கேர்ந்து கொண்டு வருவார்? பெர்லின் பெரியவர் மாதிரி தன் தொட்டியிலேர்ந்து ஒடிச்சா குடுப்பார்? ஏதோ ஒரு பார்லேர்ந்து உளி வெச்சுத்தானே? புத்தை வெட்டினா ரத்தம் வரும்ங்கற ஊர்க்காரன் நான். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், பத்து நாள்ல ஒண்ணைக் கொன்ன கை இது. போகலை. அட்வான்ஸ் மூவாயிரம் போனது போனதுதான். இப்ப வீட்டுல இருக்கிறது நன்னீர்த் தொட்டி, கொளத்தூர்ல வாங்கின மீனு, நாலு செடி. போதும்.

அப்புறம்தான் தூத்துக்குடி சமாசாரம் படிச்சேன். சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002-லிருந்து அங்கே பவளத் துண்டுகளை நட்டு வருகிறது. எப்படி? ஆரோக்கியமான பவளத்திலிருந்து சின்னத் துண்டு ஒடித்து, சிமென்ட் சட்டத்தில் நைலான் கயிற்றால் கட்டி, கடலடியில் வைக்கிறார்கள். பாசி மூடாமல் பார்க்க வேண்டும், வேர்பிடிச்ச மாதிரி ஒட்டிக்கொள்கிறதா என்று அளக்க வேண்டும். கரைந்துகொண்டிருந்த வான் தீவுக்கு முன்னால் 2015-லிருந்து செயற்கைப் பார்களையும் இறக்கினார்கள்.

ஒடிக்கிறது, கட்டுறது, அளக்கிறது, காத்திருக்கிறது. அன்னா ஊசி நூல் வெச்சுத் தைச்சதும், ஸ்டூபர் ஒடிச்சுக் குடுத்ததும் இதேதான். ஹால்ல அழகுக்கு வைக்கிறவங்க நூத்தி எழுபது வருஷமா கத்துக்கிட்ட வித்தை, இப்ப நம்ம கடலுக்கு மருந்து. மான்கொம்பு வகை வருஷத்துக்குச் சுமார் பத்து சென்டிமீட்டர் வளரும், உருண்டைப் பவளம் ஒரு சென்டிமீட்டர்தான். அந்த வேகத்துல கட்டினதைக் காளவாய் ஒரு ராத்திரியில முடிச்சிடும். திருப்பிக் கட்டறது மட்டும் பழைய வேகம்தான்.

இந்தக் கதையை எல்லாம் ஆயாகிட்ட சொல்லி முடிச்சேன். பெர்லின் பகுதி வந்தப்ப வெத்திலை மடிக்கிற கை நின்னுச்சு.

"கலக்கியா ஊத்தின?"

"ஆமா ஆயா."

"ஏன்டா, சுண்ணாம்பு கொஞ்சம் கூடினாலே நாக்கு வெந்து போவுமே. தெளிவைத்தானேடா எடுக்கணும். இது கூடவா தெரியாது இஞ்சினியருக்கு?"

நாலு வருஷப் படிப்பு, ரெண்டு செமஸ்டர் கெமிஸ்ட்ரி. வாயைத் திறக்கலையே நான்.

பி.கு: கீழக்கரை, தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கத்து நண்பர்கள் யாராச்சும் இருந்தா ஒரு உதவி. உங்க பக்கத்துப் பழைய வீட்டுச் சுவர்ல சல்லிச் சுண்ணாம்பு பூசினதா பெரியவங்க யாராச்சும் சொல்லியிருக்காங்களா? காளவாயைக் கண்ணால பாத்தவங்க இருக்காங்களா? இருந்தா அவங்க சொல்றதைக் கேட்டு எழுதி வைங்க. பின்னூட்டத்துல போட்டாலும் சரி. அடுத்த பதிவுல அதையும் சேத்துக்கலாம்.